நிற்காத லாரிக்கு எடை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி லாரியும் ரோடும்தான். பெங்களூரு ஹைவேயை ஒட்டிக் குடியிருக்கும் வாசகர்கள் நமக்கு இவ்வளவு பேர் என்று இப்போதுதான் தெரிகிறது. எல்லாக் கேள்வியும் ஒரே இடத்தைச் சுற்றி வந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், ரோட்டுக்குள்ள கண்ணாடி நூலைப் புதைச்சு, ஓடுற வண்டியை நிறுத்தாமலே எடை போடுவாங்கன்னு என் பையன் யூடியூப்ல காட்டுறான். எடை மேடையில வண்டியை ஏத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணி, டிரைவரைக் கீழே இறக்கிவிட்டு எடை போட்டாலே இந்த மேடைக்கும் அந்த மேடைக்கும் முப்பது நாப்பது கிலோ வித்தியாசம் வருது. 60 கிலோமீட்டர் வேகத்துல போறதை எப்படி சார் எடை போடுவாங்க? (லாரி உரிமையாளர், பள்ளிகொண்டா)

பதில்: பையன் காட்டியது நிஜம்தான், நீங்கள் சந்தேகப்படுவதும் நியாயம்தான். (அந்த முப்பது நாற்பது கிலோவைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், லாரி மேடையில் எண் ஏறுவதே 10 கிலோ, 20 கிலோ தாவலில்தான்.)

முதலில் அந்தக் கண்ணாடி நூல். தெருத்தெருவாகப் பள்ளம் தோண்டி இன்டர்நெட் கேபிள் புதைக்கிறார்களே, அதற்குள் ஓடும் அதே இழைதான் இது. தடிமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதிலும் வெளிச்சம் போவது நடுவில் இருக்கும் 9 மைக்ரான் பகுதியில். இதன்மேல் 10 டன் அச்சு ஏறினால் மாவாகிவிடாதா என்றால், நேராக ஏறவிட்டால் ஆகிவிடும். அதனால் இழையை ஃபைபர் கிளாஸ் பட்டையிலோ உலோகப் பட்டையிலோ பொதித்து, ரோட்டுக்குக் குறுக்கே சில சென்டிமீட்டர் ஆழத்துக்குக் காடி அறுத்து, பட்டையை அதில் இறக்கி, எபாக்ஸி என்ற இறுகும் பசையை ஊற்றி மட்டமாகத் தேய்த்துவிடுவார்கள். வேலை முடிந்தபிறகு பார்த்தால் குறுக்கே ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான். டிரைவருக்கு ஸ்டியரிங்கில் ஒன்றும் தெரியாது, தெரியவும் கூடாது.

இப்போது கணக்கு. 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 16.7 மீட்டர் கடக்கிறது. லாரி டயர் தரையைத் தொடும் நீளம் 20, 25 சென்டிமீட்டர் இருக்கும். பட்டையின் அகலம் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், டயரின் முன்விளிம்பு பட்டையைத் தொட்டதிலிருந்து பின்விளிம்பு விலகும்வரை ஆகும் நேரம், ஒரு நொடியை ஐம்பதாக வெட்டினால் அதில் ஒரு துண்டுகூட இல்லை. அதற்குள் எடை பார்த்தாக வேண்டும். டயர் பட்டையைவிட நீளம் என்பதால் எந்தக் கணத்திலும் முழு டயரும் பட்டைமேல் இருப்பதும் இல்லை. கொஞ்சம் பட்டைமேல், மிச்சம் பக்கத்து ரோட்டின்மேல். ஆகவே உச்சத்தில் வந்த எண்ணை மட்டும் எடுத்தால் தப்பாகிவிடும். ஏறியதிலிருந்து இறங்கியதுவரை வந்த அழுத்தத்தையெல்லாம் கூட்டி, வேகத்தால் பெருக்கி, பட்டையின் அகலத்தால் வகுக்கிறார்கள். வேகம் தெரிய வேண்டுமே, அதற்குத்தான் சில மீட்டர் தள்ளி இரண்டாவது பட்டை. முதல் பட்டையைத் தொட்ட நேரத்துக்கும் இரண்டாவதைத் தொட்ட நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் வேகம் கிடைக்கிறது; வேகம் கிடைத்தால் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் எவ்வளவு தூரம் என்று கிடைக்கிறது; அதை வைத்து இது ஆறு சக்கர வண்டியா, மூன்று அச்சு டாரஸா, டிரெய்லரா என்று கம்ப்யூட்டரே பிரித்துவிடும்.

சரி, இதெல்லாம் கணக்கு, மெஷின் போட்டுவிடும். உண்மையான தலைவலி, லாரி குதிப்பது. வீட்டில் முள் வைத்த எடை மெஷின் இருந்தால் அதன்மேல் ஏறி நின்று முட்டியை மடக்கி நிமிர்ந்து பாருங்கள், முள் எப்படி ஆடுகிறது என்று. உங்கள் எடை ஒரு கிராம்கூட மாறியிருக்காது. ஸ்பிரிங் பட்டைமேல் உட்கார்ந்திருக்கும் லோடும் அப்படித்தான் நொடிக்கு 2, 3 தடவை மேலும் கீழும் போகிறது. அச்சும் டயரும் தனிக் கணக்கில் நொடிக்குப் பத்துத் தடவை போல அதிர்கின்றன. நொடிக்கு 3 என்று வைத்தால், 60 கி.மீ. வேகத்தில் ஐந்தரை மீட்டருக்கு ஒரு குதி. பட்டை இருக்கும் இடத்தில் வண்டி எழும்பினால் எடை குறைவாக விழும், அமுங்கினால் கூடுதலாக விழும். நல்ல ரோட்டிலேயே இந்த ஆட்டம் நூற்றுக்குப் பத்துக்குப் போகும். மோசமான ரோட்டில் கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் ஒற்றைப் பட்டையை நம்பாமல் நான்கு, ஆறு என்று வரிசையாக, இடைவெளியையும் கணக்குப் பார்த்துப் பதித்துச் சராசரி எடுக்கிறார்கள். அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். இ1318 என்ற தர ஆவணம், பட்டைக்கு முன்னால் 60 மீட்டரும் பின்னால் 30 மீட்டரும் ரோடு வழவழப்பாக இருக்க வேண்டும் என்கிறது. என்னைக் கேட்டால், கண்ணாடி இழையைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை அந்த 90 மீட்டர் ரோட்டைப் பற்றிப் பேசவேண்டும். உலகத்திலேயே சிறந்த சென்சாரை வாங்கிக்கொண்டுவந்து ஒட்டுப்போட்ட ரோட்டில் பதித்தால், அது ஒட்டைத்தான் எடை போடும்.

கேள்வி: இழைக்குள்ளே போகும் வெளிச்சத்துக்கு மேலே ஏறின எடை எப்படித் தெரிகிறது? ஃபைபர் பிராக் கிரேட்டிங் என்று பாடத்தில் வருகிறது. படம் வரையத் தெரிகிறது, புரியத்தான் இல்லை. (பொறியியல் மாணவி, காட்பாடி)

பதில்: படத்தை மூடி வைத்துவிட்டு இப்படி யோசித்துப் பாருங்கம்மா. இழையின் நடுப்பகுதியில், புற ஊதா ஒளியால், சீரான இடைவெளியில் கோடுகள் எழுதிவிடுகிறார்கள். கோடு என்றால் கீறல் இல்லை, அந்த இடத்தில் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் (வெளிச்சத்தை எவ்வளவு மெதுவாக்குகிறது என்ற அளவு) ஒரு துளி கூடியிருக்கும், அவ்வளவே. இந்தக் கோட்டு வரிசைக்குத்தான் கிரேட்டிங் என்று பெயர். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அரை மைக்ரானுக்குச் சற்று மேல், சுமார் 535 நானோமீட்டர். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் பதினெட்டாயிரம் கோடுகளுக்கு மேல் வந்துவிடும். ஒவ்வொரு கோடும் வருகிற வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வரும் இந்தத் துளிகள் எல்லாம் ஒன்றோடொன்று இசைந்து சேர்வது ஒரே ஒரு அலைநீளத்தில்தான்: கோட்டு இடைவெளியை இரண்டால் பெருக்கி, அதை ஒளிவிலகல் எண்ணால் பெருக்கினால் வரும் அலைநீளம். 535க்குப் போட்டுப் பாருங்கள், 1550 நானோமீட்டர் பக்கம் வரும். அந்த நிறம் மட்டும் திரும்பி வரும், மற்றவை நேரே போய்விடும். (நிறம் என்று பேச்சுக்குச் சொல்கிறேன், அது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது.)

இப்போது லாரி ஏறுகிறது. பட்டை வளைகிறது, கூடவே இழை இழுபடுகிறது, கோடுகளின் இடைவெளி கூடுகிறது, திரும்பி வரும் அலைநீளம் நகர்கிறது. எவ்வளவு நகரும்? இழை தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீண்டால் 1.2 பிக்கோமீட்டர் (ஒரு நானோமீட்டரை ஆயிரமாக வெட்டினால் ஒரு துண்டுதான் பிக்கோமீட்டர்). இவ்வளவு சிறிய நகர்வை அளக்கத்தான் ஓரத்துப் பெட்டியில் இன்டராகேட்டர் என்ற கருவி உட்கார்ந்திருக்கிறது. செலவில் பெரும்பங்கு அதற்குத்தான், இழை மலிவு.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரே இழையில் வெவ்வேறு இடைவெளியோடு பல கிரேட்டிங் எழுதலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலைநீளத்தில் பதில் சொல்லும். ரோட்டின் அகலம் முழுக்க ஒரே இழையை ஓடவிட்டு, இடது சக்கரம் எங்கே ஏறியது, வலது சக்கரம் எங்கே ஏறியது என்று தனித்தனியாகப் பிரித்துவிடலாம்.

இன்னும் இரண்டு வழி உண்டு. இழையை இரண்டு பல் வைத்த தகடுகளுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் நெளிகிற இடங்களில் வெளிச்சம் கசியும், கசிந்த அளவுதான் எடை; இது மலிவு, துல்லியம் குறைவு. மற்றது இன்டர்ஃபெரோமீட்டர், ஒரு இழை சும்மா இருக்க மற்றொன்று அமுங்கும், இரண்டிலிருந்தும் வரும் அலைகளை மோதவிட்டுப் பார்ப்பது. நுட்பம் அதிகம், தொந்தரவும் அதிகம்.

தேர்வுக்கு இரண்டு வருடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இழைக்குள் கிரேட்டிங் உருவாவதைக் கனடாவில் கென்னத் ஹில் குழு கண்டது 1978இல், பக்கவாட்டிலிருந்து புற ஊதா ஒளியால் வேண்டிய இடத்தில் வேண்டிய இடைவெளியில் எழுதும் முறையை ஜெரால்ட் மெல்ட்ஸ் குழு காட்டியது 1989இல். பிராக் என்ற பெயர், படிகத்தில் எக்ஸ் கதிர் பிரதிபலிப்பதற்கு விதி சொன்ன லாரன்ஸ் பிராக்குடையது. அவர் நோபல் வாங்கியபோது வயது 25.

கேள்வி: நான் நெடுஞ்சாலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நம்ம ஊர் கத்திரி வெயிலில் தார் ரோடு படுகிற பாடு எனக்குத் தெரியும். கண்ணாடி இழை வெப்பத்துக்கும் நீளுமே, அதை எடை என்று காட்டிவிடாதா? (சத்துவாச்சாரி)

பதில்: கேள்வி கேட்கத் தெரிந்தவர் நீங்கள், ஐயா. நீளும். ஒரு டிகிரி கூடினால் அலைநீளம் சுமார் 10 பிக்கோமீட்டர் நகரும். விடியற்காலையில் 28 டிகிரியில் இருந்த ரோடு மே மாதப் பிற்பகலில் 60ஐத் தாண்டினால், அந்த நகர்வு ஒரு நல்ல லோடு லாரி தரும் நகர்வுக்கு ஈடு கொடுக்கும். ஆனால் வெயில் ஏறுவது மணிக்கணக்கில், டயர் ஏறி இறங்குவது நொடியில் ஐம்பதில் ஒரு பங்கில். மெதுவாக நகரும் அடிக்கோட்டைக் கழித்துவிட்டு, சட்டென்று எழுந்து விழும் முனையை மட்டும் எடுப்பது கஷ்டமில்லை. பக்கத்தில் பாரம் படாத ஒரு கிரேட்டிங்கை வைத்து வெப்பத்தைத் தனியாகவும் அளப்பார்கள்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது, அது உங்களுக்கே தெரிந்திருக்கும். தார் இளகுகிறது. அதே 10 டன், காலையில் விறைப்பான ரோட்டில் பட்டையை ஒரு விதமாக அழுத்தும், மதியம் இளகிய ரோட்டில் வேறு விதமாக அழுத்தும். சென்சார் சரியாகத்தான் சொல்கிறது, சுற்றியுள்ள ரோடு மாறிவிட்டது. நாள்பட சக்கரத் தடத்தில் ரோடு குழிந்து, பட்டை மட்டும் மேடாக நின்றுவிட்டால், ஒவ்வொரு டயரும் அதில் மோதி எழும்பும், எடை தாறுமாறாகப் போகும். அதனால் எடை தெரிந்த லாரி ஒன்றைப் பலமுறை ஓட்டித் திருத்தம் செய்வதை ஒரே பருவத்தில் முடித்துவிடக் கூடாது. கத்திரியில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். சில இடங்களில் அந்தத் துண்டை மட்டும் கான்கிரீட்டாகப் போட்டுவிடுவார்கள். நம் பக்கத்துக்கு அதுதான் சரி என்பது என் கட்சி, தார் ரோடும் கான்கிரீட்டும் சேரும் விளிம்பில் குதி வராமல் பார்த்துக்கொண்டால்.

கேள்வி: அண்ணே, பட்டை மேல போகும்போது பிரேக் போட்டா எடை கம்மியா காட்டுமா? ஒரு பக்கச் சக்கரத்தை ரோட்டோரம் இறக்கி ஓட்டினா? (டிரைவர், வாலாஜா. பெயர் போடாதீங்க என்கிறார்)

பதில்: பெயர் போடவில்லை தம்பி, பயப்படாதே. பிரேக் போட்டால் பாரம் பின் அச்சிலிருந்து முன் அச்சுக்குச் சாயும், அதனால் முன் அச்சு ஏகத்துக்குக் காட்டும், பின் அச்சு குறைத்துக் காட்டும். அந்தக் கோணல் கணக்கே உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், இரண்டு பட்டைக்கு நடுவில் வேகம் குறைந்ததும் பதிவாகியிருக்கும். ஒரு பக்கம் இறக்கி ஓட்டினால் இடது சக்கரம் இருக்கிறது, வலது சக்கரம் காணோம் என்று வரும். இப்படி வருகிற பதிவையெல்லாம் 'எடை செல்லாது' என்று குறித்து, கேமராவில் நம்பர் பிளேட்டைப் பிடித்து அடுத்த செக்போஸ்ட்டுக்குச் சொல்லிவிடலாம். எடை தெரியாத வண்டியைத்தான் முதலில் ஓரம் கட்டுவார்கள்.

பாதி நிரம்பிய டேங்கர்தான் நிஜமாகவே குழப்பும், உள்ளே தண்ணீரோ பாலோ அலையடித்துக்கொண்டே இருக்கும். வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நிற்பதும் நகர்வதுமாக இருக்கும் வண்டியையும் இந்தப் பட்டைகளால் சரியாக எடை போட முடியாது, சீரான வேகம் வேண்டும்.

கேள்வி: ஓடும்போது வந்த எடையை வைத்தே அபராதம் போட்டுவிட முடியுமா? (டிரான்ஸ்போர்ட் கணக்காளர், ராணிப்பேட்டை)

பதில்: நம்மூர் நடைமுறையில் எடை மேடைதான் கடைசிச் சொல். மோட்டார் வாகனச் சட்டம் 114ஆம் பிரிவின்படி, சந்தேகம் வந்தால் அதிகாரி வண்டியை எடை மேடைக்கு ஓட்டச் சொல்லலாம், மேடை போகிற வழியிலிருந்து 10 கி.மீ.க்குள்ளோ, போய்ச்சேரும் இடத்திலிருந்து 20 கி.மீ.க்குள்ளோ இருக்க வேண்டும். கூடுதல் பாரம் உறுதியானால் 194ஆம் பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய், அதற்குமேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. மிஞ்சிய லோடை இறக்கும் செலவும் உங்களுடையது. எடை போடவே மாட்டேன் என்று போனால் 40,000.

ஓடும் எடையை நேரடியாக ஏன் நம்புவதில்லை என்றால், நான் முன்னே சொன்ன அமெரிக்க ஆவணமே, ஹைவே வேகத்தில் ஓடும் நல்ல வகைக் கருவிக்கு மொத்த எடையில் நூற்றுக்குப் பத்துவரை கூடக்குறைய இருக்கலாம் என்று அனுமதிக்கிறது. 2018இல் மத்திய அரசு உயர்த்திய அளவில் டாரஸுக்கு மொத்தம் 28.5 டன். அதில் பத்து சதவீதம் 2.85 டன். சட்டப்படி ஏற்றி வந்தவருக்கு 31 டன் என்று காட்டி அபராதம் போட்டால் அவர் கோர்ட்டுக்குப் போவார், ஜெயித்தும் விடுவார். அதனால் ஆயிரம் வண்டியில் எதை ஓரம் கட்டுவது என்று சல்லடை போடத்தான் இது. இப்போது செக்போஸ்ட்டில் கண்ணால் பார்த்து, டயர் பிதுங்குகிறதா, ஸ்பிரிங் பட்டை நிமிர்ந்துவிட்டதா என்று வைத்து நிறுத்துகிறார்கள். நேர்மையாக ஓட்டுகிறவர் நேரமும் சேர்ந்து வீணாகிறது. அந்தக் காத்திருப்பு குறைந்தாலே பெரிய லாபம் என்பேன். செக் குடியரசு, ஹங்கேரி மாதிரி நாடுகளில் நேரடி அபராதமே உண்டு, ஆனால் அங்கே கருவிக்கு அதற்கென்று சான்று வாங்கி, பிழைக்கு இடம்விட்டுக் கழித்தபிறகுதான்.

டோல்கேட் லேனில் மெதுவாகப் போகும்போது எடை போடுவது வேறு வகை. வேகம் குறைவு, குதியும் குறைவு, பிழையும் குறைவு.

கேள்வி: எங்கள் ஊர் ரோடு போட்டு ஆறு மாதத்தில் பல்லிளிக்கிறது. ஜல்லி, எம் சாண்ட் ஏற்றி வரும் டிப்பர்தான் காரணம் என்கிறார்கள். ரெண்டு மூணு டன் கூட ஏற்றுவதில் அவ்வளவு கெடுதலா? (குடியாத்தம்)

பதில்: 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊர்ப்பக்கம், பரிசோதனைக்காகவே ரோடு போட்டு, ராணுவத்தினரை டிரைவராக உட்காரவைத்து, ஒரே தடத்தில் 11 லட்சம் தடவைக்கு மேல் லாரி அச்சுகளை ஓட்டிப் பார்த்தார்கள். அதில் கிடைத்த தோராய விதி: ரோட்டுக்கு ஏற்படும் தேய்மானம் அச்சுப் பாரத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு இன்று நம் நாட்டில் அனுமதி 11.5 டன் (2018க்கு முன் 10.2). அதில் 14 டன் ஏற்றினால், கூடியது இரண்டரை டன், ரோட்டுக்கு ஆகும் அடி இரண்டு மடங்குக்கும் மேல். இரட்டிப்பு பாரம் என்றால் 16 மடங்கு. அரை டன் அச்சு உள்ள கார் ரோட்டைத் தேய்ப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு லாரி அச்சின் வேலையைச் செய்ய அதற்கு லட்சக்கணக்கான தடவை ஓட வேண்டும். நான்கு என்பது கல்வெட்டு இல்லை, ரோட்டின் அமைப்பைப் பொறுத்துக் கூடும் குறையும்.

ஆனால் ஆறே மாதம் என்றால் முழுப் பழியையும் டிப்பர்மேல் போட நான் தயாரில்லை. ஓரத்துக் கால்வாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் ரோட்டடியில் தேங்கினால், சரியான பாரம் ஏற்றிய லாரியே போதும். முதலில் கால்வாயைப் பாருங்கள். எந்த ரோட்டில் எவ்வளவு பாரம் நிஜமாகப் போகிறது என்று தெரிந்து தடிமனைத் தீர்மானிக்கவும் இந்தப் பட்டைகள் உதவும், அபராதத்தைவிட அந்தப் பயன் பெரிது. லாரிக்காரர் சங்கங்களும் இதைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: பாலாற்றுப் பாலத்தின்மேல் லாரி போகும்போது அதிர்கிறதே, அந்த அதிர்வை வைத்து எடை சொல்ல முடியாதா? (ஒன்பதாம் வகுப்பு மாணவன், வேலூர்)

பதில்: சபாஷ். ஃபிரெட் மோசஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1979இல் இதைத்தான் எழுதினார். ரோட்டை அறுக்கவே வேண்டாம். பாலத்தின் அடியில் உத்திரத்தில் சென்சாரை ஒட்டி, வண்டி போகும்போது உத்திரம் எவ்வளவு வளைகிறது என்று பார்த்து எடையைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். கண்ணாடி இழை இதற்கு நன்றாகவே பொருந்தும், அதே இழை பாலத்தின் உடல்நிலையையும் சேர்த்துச் சொல்லும். ஒரே நேரத்தில் இரண்டு லாரி பாலத்தில் இருந்தால்தான் கணக்கு சிக்கலாகும்.

கேள்வி: இடி மின்னல், மழைத் தண்ணீர், எலி? (காட்பாடி)

பதில்: ரோட்டுக்குள் இருப்பது கண்ணாடியும் வெளிச்சமும், மின்சாரம் கிடையாது. மின்னலுக்கும், உங்கள் ஊர் ஜங்ஷனில் ஓடும் 25,000 வோல்ட் ரயில் கம்பிக்கும் அது அசையாது. இழைக்குப் பதிலாக ரோட்டில் பதிக்கும் குவார்ட்ஸ் படிக சென்சாரும் நல்ல கருவிதான், இன்று உலகில் அதிகம் புழங்குவதில் அதுவும் ஒன்று. ஆனால் அதன் கேபிளில் ஈரம் புகுந்தால் சிக்னல் கெட்டுவிடும், இழைக்கு அந்தக் கவலை இல்லை. கருவிப் பெட்டியைப் பல கிலோமீட்டர் தள்ளிப் பத்திரமான கட்டடத்தில் வைத்துக்கொள்ளலாம். எலி கடிக்கும். எலியைவிட, தண்ணீர்க் குழாய் போட வரும் ஜே.சி.பி.க்குத்தான் நான் பயப்படுவேன்.

கேள்வி: எங்கள் மாட்டு வண்டியை எடை போடுமா? (அணைக்கட்டு)

பதில்: நான்கு குளம்பு, நான்கு குளம்பு, ஒரு அச்சு என்று வரும். ஒரு அளவுக்குக் கீழே இருக்கும் பாரத்தைப் பதிவே செய்யாதே என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருப்பார்கள், பைக்கையும் இப்படித்தான் விட்டுவிடும். தாராளமாக ஓட்டுங்கள்.